கண்மை மீசையும் கிளிக் கயிறும்

மீசை என்றால் அந்தக் காலத்தில் நமக்கெல்லாம் கண்மைதான். டப்பா மையை அம்மா மோதிர விரலால் தொட்டு மூக்குக்குக் கீழே ஒரே இழுப்பாக இழுத்துவிடுவாள். மூச்சு விட்டால் விளக்கெண்ணெய் வாசனை. தெரியாமல் நாக்கை நீட்டினால் கசப்பு. ஜனவரி மாதத்து பஹ்ரைனில் வேர்க்காது என்பதால் நம் மீசைகள் தப்பித்தன. இல்லாவிட்டால் எல்லாம் முகவாய்க்கு இறங்கியிருக்கும்.

போன மாதம் நம் பஹ்ரைன் பிள்ளைகள் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அந்தப் பழைய படத்தைப் போட்டீர்கள். தொளதொளவென்று ஆகாய நீலச் சட்டை, காதை மூடும் கம்பெனித் தொப்பி, கழுத்தில் துண்டு, கண்மை மீசை. தொப்பி முனையிலிருந்து ஒரு கயிறு. பதினோரு வயதில் நான். பின்னால் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என் தம்பி. படத்துக்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள் விழுந்தன. "செம்ம ஆக்டிங்டீ அன்னைக்கு" என்று ஒருத்தி. "பாவம், அந்த டிரைவர் விஷயம் மட்டும் கொஞ்சம் சங்கடமாப் போச்சு" என்று இன்னொருவன். உடனே நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து எனக்காகப் பதில் சொன்னீர்கள்: "அவ சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்?"

நல்ல மனசு உங்களுக்கு. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

முதலில் அந்த ஊர்வலத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலர் அதற்குப் பிறகு வந்தவர்கள். குடியரசு தினத்துக்கு அடுத்து வரும் வெள்ளிக்கிழமை, நாம் குடியிருந்த குதைபியாவுக்குப் பின்னால் மதில் சுவர் போட்ட ஒரு மண் மைதானத்தில், நம் சங்கத்தார் நடத்துவார்கள். ஜும்மா தொழுகைக்குள் முடித்தாக வேண்டும் என்பதால் காலை எட்டு மணிக்கே கொடி ஏறிவிடும். முன்னால் பாரத மாதா, தலையில் தங்கக் காகிதக் கிரீடம். அடுத்து அட்டைத் துப்பாக்கி ராணுவம். அப்புறம் தலைவர்கள், மூக்குக் கண்ணாடிக்காரர், தாடிக்காரர், கைத்தடிக்காரர் என்று ஆளுக்கொருவர். அதுவரைக்கும் கூட்டம் மரியாதையாகக் கைதட்டும். ஆனால் எல்லோரும் காத்திருந்தது கடைசியில் வருவதற்குத்தான்: வால் வரிசை.

வால் வரிசையில் தலைவர் வேடம் கிடையாது. நம்மூர் ஆட்கள்தான். அதாவது அன்றாடம் குதைபியாவில் நாம் பார்க்கும் ஒருவரைப் போல வேடம் போட்டு, நடந்து, பேசிக் காட்ட வேண்டும். சங்கத்துச் செயலாளர் மைக்கைப் பிடித்து, "யார் இவர்?" என்று நீட்டி முழக்குவார். கூட்டம் ஆளைக் கண்டுபிடித்துக் கத்த வேண்டும். எவ்வளவு சிரிப்போ அவ்வளவு மார்க். அவ்வளவுதான் விதி.

ஒரு வருடம் ஒருவன் தலையில் குபூஸை அடுக்கிக்கொண்டு ரொட்டிக்கடைக்காரராக வந்தான். தெருமுனையில் கோல்ட் ஸ்டோர், அதாவது மளிகைக் கடை, வைத்திருந்த கீழக்கரைக்காரரை எத்தனை பேர் போட்டிருப்பார்கள்! "மாஃபின்னா மாஃபிதாம்மா. நாளைக்கு வந்தாலும் மாஃபி, நீ பெரிய ஆளாயி வந்தாலும் மாஃபி" என்று அரபியில் 'இல்லை'யை இழுப்பாரே, அவர். அந்த மனிதர் தன்னைத் தானே பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்து, மறுநாள் வேடம் போட்ட பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பார். அதை வைத்துத்தான் பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். "நம்மளைப் போட்டுக் காட்டினா யாருக்குத்தான் சந்தோஷம் இல்ல? அது ஒரு கௌரவம்." இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. ரொட்டிக்காரர், கடைக்காரர், மீன் வெட்டுகிறவர், கட்டடத்து வாட்ச்மேன், இவர்களுக்குத்தான் அந்தக் கௌரவம் கிடைத்தது. முன்வரிசையில் குஷன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் எந்த வருடமும் கிடைத்ததில்லை. யாரும் அதைக் கேட்டதும் இல்லை.

இனி வேன் மாமா.

குதைபியாவிலிருந்து ஈசா டவுன் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்துக்கு நம் பதினான்கு பேரைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர். சிவகங்கைப் பக்கம். ஒல்லியான ஆள், உட்கார்ந்தால் சட்டை மட்டும் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அந்த வேனின் வாசனை இப்போதும் எனக்கு வந்துபோகும்: வெயிலில் காய்ந்த ரெக்ஸின் சீட், டீசல், ஆரஞ்சுத் தோல், அவர் நெற்றியில் தடவியிருக்கும் தைலம். பெண் பிள்ளைகளை "ஆத்தா" என்பார், பையன்களை "அய்யா" என்பார். நாலு வயதுப் பொடியனையும் "அய்யா, ஏறுங்க" என்றுதான் சொல்வார்.

அவருக்கு வலது காது கேட்காது; இடது காதிலும் அந்தப் பக்கம் போய்ப் பேசினால்தான் விழும். வந்த புதிதில் மூன்று வருடம் சைட்டில் ரோடு உடைக்கும் மெஷின் பிடித்தவர். கம்ப்ரஸர் எப்போதும் வலது பக்கம்தான் நிற்குமாம். "அது அந்தப் பக்கம் நின்னுச்சு, இது இந்தப் பக்கம் போச்சு" என்று ஏதோ கடைக்குப் போய் வந்ததைப் போலச் சொல்வார். லைசென்ஸ் இருந்ததால் அதே கம்பெனி அவரைப் பள்ளிக்கூட வேனுக்கு மாற்றிவிட்டது. காது போன கதை கம்பெனிக்குத் தெரியாது. மேனேஜர் கூப்பிட்டால் இடது காது அவர் பக்கம் இருக்கும்படி திரும்பி நின்றுகொள்வார்.

அந்த ஊர் வண்டிகளில் டிரைவர் உட்காருவது இடது பக்கம். ஆக அவருடைய நல்ல காது ஜன்னல் பக்கம், செவிட்டுக் காது நம் பக்கம். கடைசிப் பிள்ளை ஏறி, கதவைச் சாத்தி, கிளம்பச் சொல்லி "யல்லா மாமா!" என்று கத்தினால் அவருக்குக் கேட்காது. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கோல்ட் ஸ்டோரில் வாங்கிய பச்சை பிளாஸ்டிக் கிளி ஒன்றை முன் கண்ணாடியில் தொங்கவிட்டு, அதன் கழுத்திலிருந்து ஒரு கயிற்றை ஜன்னல் கம்பி வழியாகக் கடைசி சீட் வரை கொண்டுபோயிருந்தார். கடைசி சீட்டுக்காரர் இழுத்தால் கிளி குதிக்கும். கிளி குதித்தால் வண்டி நகரும். பெரியவர்கள் கேட்டால், "பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்" என்று சொல்லிவிடுவார். கடைசி சீட் என் தம்பியுடையது. ஆறு வயதில் அவனுக்கு அது விமானம் ஓட்டுகிற வேலை மாதிரி.

அவரிடம் ஒரு பேச்சு இருந்தது. நாம் சொன்னது காதில் விழுந்தால், "கேட்டுச்சு ஆத்தா" என்பார். ஒரு தரம். விழாவிட்டால், விழவில்லை என்று காட்டிக்கொள்ளாமல், "கேட்டுச்சு ஆத்தா, கேட்டுச்சு" என்று இரண்டு தரம் சொல்வார். இதைக் கண்டுபிடித்தது நான்தான். கண்டுபிடித்த அன்றைக்கு உங்களுக்கெல்லாம் காட்டியதும் நான்தான். வலது பக்கம் போய் நின்று, "மாமா, உங்க சீட்டுக்கு அடியில பாம்பு இருக்கு" என்றேன். "கேட்டுச்சு ஆத்தா, கேட்டுச்சு" என்றார், சிரித்த முகத்துடன். நாம் பதினான்கு பேரும் சீட்டில் புரண்டு சிரித்தோம். எதற்கென்று தெரியாமல் அவரும் சிரித்தார். ஒரு வாரம் அதுதான் நமக்கு விளையாட்டு. "மாமா, உங்க மீசையைக் கரப்பான் தின்னுடுச்சு." "கேட்டுச்சு ஆத்தா, கேட்டுச்சு." நினைவிருக்கிறதா? இருக்கும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. எங்கள் வீடுதான் கடைசி ஸ்டாப். அவருக்கு ஊரில் என் வயதில் ஒரு மகள். கடிதத்துக்குப் பதிலாக வீட்டிலிருந்து கேசட் வரும். அந்தக் காலத்தில் பலருக்கும் அப்படித்தான். லீவு முடிந்து வருகிற யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். வேனில் கேசட் பிளேயர் இருந்தது, ஆனால் ஸ்பீக்கர் வலது பக்கக் கதவில். கேசட் வந்த நாளில், தம்பி இறங்கி மாடிக்கு ஓடிய பிறகு, "ஆத்தா, ரெண்டு நிமிசம்" என்பார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து அந்தப் பெண் பேசுவதைக் கேட்பேன். பிறகு இறங்கி, வேனின் மூக்கைச் சுற்றிக்கொண்டு அவர் ஜன்னலுக்குப் போய், கேட்டதை அப்படியே அவருடைய இடது காதில் சொல்ல வேண்டும். நாலு அடி தூரம். மறுபடி வந்து கேட்பேன், மறுபடி சுற்றிப் போவேன்.

ஒருமுறை அந்தப் பெண் பல் விழுந்ததைச் சொன்னாள். பூனை குட்டி போட்டதைச் சொன்னாள். அப்புறம் கொஞ்ச நேரம் கேசட்டில் கரகரவென்ற சத்தம் மட்டும். பிறகு, "அப்பா, நீ பேசுறது எனக்குக் கேக்குது. நான் பேசுறது ஒனக்குக் கேக்குதா?" என்றாள்.

நான் சுற்றிப் போய்ச் சொன்னேன்.

"என்னத்தச் சொல்லுச்சு?"

"நான் பேசுறது ஒனக்குக் கேக்குதான்னு கேக்குறா, மாமா."

அவர் ஸ்டீயரிங்கைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "கேட்டுச்சு ஆத்தா" என்றார். ஒரு தரம்தான்.

அந்த வருடம் எனக்கு எப்படியாவது வால் வரிசையில் ஜெயிக்க வேண்டும். எதிர் பிளாட் டீச்சரம்மாவின் மகள் இரண்டு வருடமாக முதல் பரிசு வாங்கியிருந்தாள். முதல் வருடம் வாட்ச்மேன், அடுத்த வருடம் மீன் வெட்டுகிறவர். டீச்சரம்மா பால்கனியில் துணி காயப்போடும்போதெல்லாம் எங்கள் அம்மாவிடம், "எங்க பொண்ணுக்கு அப்சர்வேஷன் ஜாஸ்தி" என்பார். அம்மா உள்ளே வந்து பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். "அவளுக்கு மட்டும்தான் கண்ணு இருக்கா? நம்ம வீட்ல எல்லாரும் குருடா?" என்பாள்.

நான் வேன் மாமாவாகப் போகிறேன் என்று முடிவு செய்தேன். அவர் ஜன்னலுக்குப் போய் அவரிடமே சட்டையும் தொப்பியும் கேட்டேன். வெட்கத்தில் அவருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"என்னையவா? அட போ ஆத்தா. என்னையப் பாத்து யாரு சிரிப்பா?"

"எல்லாரும் சிரிப்பாங்க மாமா."

"அப்ப நல்லதைத் தாரேன். வெளுத்தது ஒண்ணு இருக்கு, மடிப்புக் கலையாம."

சொல்லிவிட்டு, எஞ்சினை நிறுத்தினார். எஞ்சின் நிற்கும்போதுதான் அவர் முக்கியமான விஷயம் பேசுவார். உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்.

"ஒண்ணு மட்டும் வேணாம் ஆத்தா. கிளி வேணாம்."

"ஏன் மாமா?"

"அன்னைக்கு எங்க மேனேஜருதான் சீப் கெஸ்டாம். இந்தக் காது சமாச்சாரம் அவருக்குத் தெரிஞ்சுச்சு, கலாஸ், கதை முடிஞ்சுது. அன்பிட்டுன்னு எழுதி அடுத்த பிளேன்ல ஏத்திப்புடுவான். ஊருக்குப் போயி நான் என்ன செய்ய? நான் நடக்குறதைப் போடு, துண்டைப் போடு, எச்சி துப்புறதை வேணும்னாலும் போடு. கிளியை மட்டும் விட்ரு."

"சரி மாமா."

"சத்தியமா?"

தம்பி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அவனும் தலையைக் குனிந்து வாகாகக் கொடுத்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஒத்திகை. தொப்பி கண் வரைக்கும் இறங்கியது. நான் நடந்தேன், துண்டால் முகத்தைத் துடைத்தேன், "ஏறுங்க அய்யா" என்றேன். அம்மா கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"என்னடி இது? எந்த டிரைவரும் இப்படித்தான் நடப்பான்."

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "கிளி இருக்கு அம்மா! ஆனா அக்கா சத்தியம் பண்ணிட்டா!" என்று கிளிக் கயிற்றின் கதையை ஒப்பித்துவிட்டான். காது கேட்காது என்பதைச் சொல்லாமல், இழுத்தால் குதிக்கும், குதித்தால் போவார் என்பதை மட்டும் சொன்னான். அம்மா முதல் முறையாகச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அதுதான்டி சிரிப்பே! அதை விட்டுட்டு என்னத்தப் போட்டுக் காட்டப்போறே?"

"வேண்டாம்னு மாமா சொன்னாரும்மா."

"வெக்கப்பட்டுச் சொல்லியிருப்பாரு. பெரிய மனுஷங்க எல்லாம் முதல்ல வேணாம்னுதான் சொல்லுவாங்க."

அப்போது நான் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா விட்டிருப்பாள். அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. நான் சொல்லவில்லை. சொன்னால் கதவு முழுசாகச் சாத்திக்கொள்ளும் அல்லவா? கொஞ்சம் திறந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா பச்சை அட்டையில் ஒரு கிளி வெட்டி, ரிப்பன் கட்டி, சட்டைப் பையில் வைத்தாள். "வேணும்னா எடு, வேணாம்னா விடு. உன் இஷ்டம்" என்றாள்.

மறுநாள் காலை மைதானத்தில் நல்ல குளிர்காற்று. வேன் மாமாதான் நம்மைக் கொண்டுவந்து இறக்கினார். என்னைத் தன் சட்டையில் பார்த்ததும் எழுந்து நின்று சலாம் வைத்தார். "சார், வண்டிய எங்க நிறுத்த?" என்றார். டிரைவர்கள், சமையல்காரர்கள், தொழிலாளர் கேம்பிலிருந்து வந்த ஆட்கள் எல்லோரும் இடது பக்கச் சுவரோரம் நின்றார்கள். அவரும் அங்கே போய் நின்றார். பக்கத்திலேயே கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கர். அவருடைய வலது பக்கத்தில்.

வால் வரிசை வந்தது. எனக்கு முன்னால் டீச்சரம்மா மகள். வெள்ளை பனியன், இடுப்பில் லுங்கி, தோளில் ஏணி. ஏஸி ரிப்பேர்காரர். ஏணியில் ஏறுவது, தண்ணீர் தலையில் கொட்டுவது, "மேடம், கேஸ் மாஃபி, நாளைக்கு" என்று இழுப்பது என எல்லாவற்றையும் செய்தாள். கூட்டம் அலறியது. மேனேஜர் சார் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அடுத்து நான்.

"யார் இவர்?" என்றார் செயலாளர்.

நம் வேன் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் மட்டும், "வேன் மாமா!" என்று கத்தினீர்கள். மற்றவர்களுக்கு அவரைத் தெரியாது. நடந்து காட்டினேன். துண்டால் துடைத்தேன். "அய்யா, ஏறுங்க" என்றேன். தம்பி பையை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினான். நாற்காலிகளில் ஒரு சத்தமும் இல்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சரம்மா என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். இரக்கமான புன்னகை அது. அந்தப் புன்னகையை இன்றைக்கும் வரைந்து காட்ட என்னால் முடியும். சுவரோரம் ஒரே ஒரு ஆள் மட்டும் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். வேன் மாமா.

நான் சட்டைப் பையில் கை விட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் பைக்குள் விடவில்லை. அம்மா தூரத்தில் இருந்தாள். நானாகத்தான் விட்டேன்.

அட்டைக் கிளியைத் தொப்பியின் முனையில் மாட்டினேன். ரிப்பனின் மறுமுனையைத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் என்னைப் பார்த்தான். "அக்கா, சத்தியம்" என்றான் மெதுவாக. "இழுடா" என்றேன். இழுத்தான். கிளி குதித்தது. நான் தூக்கிவாரிப் போட்டதைப் போல நிமிர்ந்து, இல்லாத கியரைப் போட்டு, விர்ரென்று நாலு அடி ஓடி நின்றேன். மறுபடி கிளி, மறுபடி ஓட்டம். பின்னால் திரும்பி, கையைக் காதில் குவித்து, "கேட்டுச்சு ஆத்தா, கேட்டுச்சு" என்றேன்.

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மைதானம் முழுக்கப் பரவியது. டீச்சரம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு உடம்பில் ஏறுவது எப்படி இருக்கும் தெரியுமா? குளிர் காலத்தில் வெந்நீர் ஊற்றிக்கொள்வது போல இருக்கும். இன்னும் ஒரு செம்பு, இன்னும் ஒரு செம்பு என்று கேட்கத் தோன்றும்.

மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டார். மெட்ராஸ்காரர், அன்பானவர்தான். மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"பிரமாதம்மா! நம்ம கம்பெனிச் சட்டை! ஆமா, இந்தக் கயிறு எதுக்கு?"

இங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். "விளையாட்டுச் சாமான்" என்று மாமா எப்போதும் சொல்லும் பதில் என் வாயிலேயே இருந்தது. ஆனால் கூட்டம் அடுத்த சிரிப்புக்கு வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தது.

"மாமாவுக்குக் காது கேக்காது சார். கத்தினாலும் கேக்காது. கிளி குதிச்சாதான் வண்டி போகும்."

மைதானம் வெடித்தது. எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பி அவரைத் தேடினார்கள், கை காட்டினார்கள். கிளியைப் பார்த்ததிலிருந்தே அவர் கைதட்டுவதை நிறுத்தியிருந்தார். ஆனால் நான் மைக்கில் சொன்னது அவருக்கு விழவில்லை. ஸ்பீக்கர் அந்தப் பக்கம். இத்தனை பேர் தன்னையே பார்த்துச் சிரிக்கிறார்களே என்று ஒரு கணம் விழித்தார். பிறகு, சிரிக்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதானே மரியாதை, அவரும் பல் தெரியச் சிரித்து, கையை நெற்றிக்குக் கொண்டுபோய், கூட்டத்துக்கு சலாம் வைத்தார்.

அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. எல்லாவற்றிலும் பெரிய சிரிப்பு அதுதான். மேனேஜர் சார் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கைச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

எனக்கு முதல் பரிசு. நீல நிறத் தண்ணீர்க் குடுவை, மூடியே கோப்பையாகும் வகை. சலாம் வைத்ததற்கும் சேர்த்துத்தான் அந்த மார்க் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம். வேனில் கிளி இல்லை, கயிறு இல்லை. கதவு சாத்தியதும் அவர் எழுந்து திரும்பி, பதினான்கு தலையையும் விரலால் எண்ணிவிட்டு வண்டியை எடுத்தார். வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு முனையிலும் உடம்பையே திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தார். முன்பும் அப்படித்தான் ஓட்டுவார். அன்றைக்குத்தான் அதை நான் கவனித்தேன்.

மேனேஜர் அவரை எப்படிச் சோதித்தார் என்பதை இன்னொரு டிரைவர் சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. கம்பெனி யார்டில் டயரை எண்ணி அடுக்கச் சொல்லிவிட்டு, வலது பக்கமாகப் பின்னால் போய் நின்று, பேரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டாராம். இவர் டயரை எண்ணிக்கொண்டே இருந்தாராம்.

அதற்குள் மைதானத்தில் சிரித்தவர்கள் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. எங்கள் வீட்டு ஹாலில்தான் கூடினார்கள். அம்மா டீ கொடுத்தாள்.

"இத்தனை நாளா ஒரு செவிடன் கையிலயா குழந்தைங்களைக் கொடுத்திருந்தோம்?" என்றார் டீச்சரம்மா.

"ரெண்டு வருஷமா ஒரு கீறல் இல்லையே" என்று அப்பா இழுத்தார்.

"விழுந்தப்புறம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல சார்."

"நல்ல மனுஷன்தான்..."

"நல்ல மனுஷன்தான், யார் இல்லேன்னா? அதுக்காக?"

கடிதம் எழுதினார்கள், கம்பெனிக்கு, ஆளை மாற்றச் சொல்லி. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். உங்கள் அப்பாக்களும்தான். எங்கள் அப்பா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்; பிறகு போட்டார். எல்லோரும் போகும்போது என் கன்னத்தைக் கிள்ளினார்கள். "இவளாலதான் தெரிஞ்சுது. இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்!" அவர்கள் கணக்கில் நான் பதினான்கு உயிரைக் காப்பாற்றியவள். அம்மா மட்டும் டீ கொடுத்துவிட்டு உள்ளே போனவள் சமையல்கட்டிலிருந்து வெளியே வரவில்லை. அட்டைக் கிளியின் மிச்சத் துண்டுகள் கத்தரிக்கோலோடு அங்கேயே ஜன்னலில் கிடந்தன. அவள் கடைசி வரைக்கும் அந்தக் கிளியைப் பற்றி என்னிடம் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

புது டிரைவரையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு காதும் சுத்தமாகக் கேட்கிற ஆள். நாம் பேசினால், "சுப்!" என்பார். ஒருநாள் என் தம்பியின் கை இருக்கும்போதே கதவை இழுத்துச் சாத்தினார். தம்பி அலறியது அவருக்கு நன்றாகவே கேட்டது. "ஜல்தி ஏறணும், இல்லேன்னா இப்படித்தான்" என்றார். தம்பிக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அந்த விரலின் நகம் இன்றைக்கும் கோணல்தான். என்னிடம் பேசும்போது அந்த விரலை மட்டும் மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வான்.

வேன் மாமாவின் கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் நம்மையெல்லாம் இறக்கிவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுநாள் பிளேன். அம்மா அவருடைய சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, தொப்பியோடு ஒரு பையில் வைத்திருந்தாள். காலரில் கண்மைக் கறை. மூன்று சோப்பு மாற்றிப் பார்த்தும் போகவில்லை. "நீயே கொண்டுபோய்க் கொடு" என்றாள். அவள் மாடியில் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

நான் கீழே போனேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தன் சீட்டில் நேராக, முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் வலது பக்கக் கதவின் ஜன்னலுக்குப் போனேன். பையை முன் சீட்டில் வைத்தேன். கேசட் கேட்க நான் உட்காரும் சீட். கிளி தொங்கிய இடத்தில் ஒரு வளையம் மட்டும் இருந்தது.

"மாமா, தெரிஞ்சேதான் பண்ணினேன். மன்னிச்சிருங்க" என்றேன். முழுசாகச் சொன்னேன், ஒரு சொல்லையும் விழுங்கவில்லை.

அவர் திரும்பினார். என் உதடு அசைந்தது தெரிந்திருக்கும். எப்போதும் போலச் சிரித்தார்.

"கேட்டுச்சு ஆத்தா, கேட்டுச்சு" என்றார்.

கியர் போடும் முன் ஒரு கணம் காத்திருந்தார். இன்னும் ஏதாவது சொல்வேனோ என்று நினைத்திருப்பார். வேனின் மூக்கைச் சுற்றிக்கொண்டு அவருடைய ஜன்னலுக்குப் போக நாலு அடிதான். கேசட் வந்த நாளெல்லாம் ஓடிப்போன அதே நாலு அடி.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வண்டி நகர்ந்தது.